ரகசியக் கோப்பில் என் ஓவியக் கொள்கை

சென்னீர்குப்பத்தில் ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டிராயிங் டீச்சர் ஒருவர் இன்று காலை எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தார். "சார், 'கலைக் கல்வி குறித்த எனது கொள்கை'ன்னு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்றாங்க. உங்களோடத அனுப்புங்க. பேரை மட்டும் மாத்திக்கிறேன். நாளைக்குக் கடைசி நாள்." கீழே கும்பிடும் கைகள் நான்கு ஜோடி.

அந்தப் பெண்ணுக்கும், அவரைப் போலவே இந்த வருடம் கலர் சாக்பீஸ் டப்பாவோடு வகுப்புக்குள் நுழைந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எனக்கு ஒரு கொள்கை இருக்கிறது. ஒரு பக்கம்தான். ஆனால் தர முடியாது. அதன் ஒரே பிரதி ஆவடியில் பாதுகாப்புத் துறை ஃபேக்டரி ஒன்றின் செக்யூரிட்டி அலுவலகத்தில், ஏதோ ஒரு கோப்புக்குள் கிடக்கிறது. எழுதியவன் நானே போய்க் கேட்டாலும் காட்ட மாட்டார்கள். அது எப்படி அங்கே போனது என்று சொல்கிறேன். அதற்குள் நாளை கடைசி நாள் முடிந்துவிட்டால் என்மேல் வருத்தப்படாதீர்கள்.

சேக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளியில்தான் நான் கடைசிவரை வேலை பார்த்தேன். பாதிப் பிள்ளைகள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து வருவார்கள். மீதிப் பாதி சுற்றுவட்டாரத்துப் பழைய ஊர்க்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். நானும் அந்த ரகம்தான், வெள்ளானூர்க்காரன். நான் சேர்ந்த அன்று, ஓய்வு பெறப்போகும் நிலையில் இருந்த மூத்த டிராயிங் மாஸ்டர் என்னை ஓரமாக அழைத்துப் போய்த் தொழில் ரகசியத்தை ஒரே வரியில் சொன்னார். "எந்தப் புள்ள எத வரைஞ்சிகினு வந்தாலும், 'நல்லாகீது, இன்னும் கொஞ்சம் கலர் அடி'ன்னு சொல்லு நைனா. முப்பது வருஷம் ஓடிடும்."

பொய் சொல்லக் கூடாது, ஓடத்தான் செய்தது. இருபது வருடங்களுக்கு மேல் அந்த ஒரு வரியை வைத்தே பிழைப்பு நடத்தினேன். மிச்ச நேரத்தில் விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். 'வருக வருக' எழுதினேன். உயிரியல் டீச்சருக்காக எத்தனை இதயம் வரைந்தேன் என்று கணக்கே இல்லை. கணக்கு வாத்தியார் வாரா வாரம் வாசலில் வந்து நின்று, "மாஸ்டர், போர்ஷன் முடியல, உங்க பீரியட குடுங்க" என்பார். கொடுத்துவிடுவேன். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே, அது என்னிடம் இல்லை.

நடுவில் ஒருமுறை பயிற்சி வகுப்புக்குப் போனேன். மூன்று நாள் சோறு போட்டு, குழந்தைகளைச் சுதந்திரமாக வரைய விடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாளே ஆறாம் வகுப்பில் போய், "இன்னிக்கு யாருக்கு எது தோணுதோ அத வரையலாம்" என்று அறிவித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். வகுப்பே திகைத்துப் போய் என்னைப் பார்த்தது. பிறகு மளமளவென்று வரைந்தார்கள். ஐம்பது பேரில் நாற்பத்தெட்டுப் பேர் ஒரே படம். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். மீதி இரண்டு பேர் நோட்டு கொண்டுவரவில்லை.

"ஏன்டா, ஆவடில எங்கடா மலை இருக்கு?" என்று முதல் பெஞ்சுப் பையனைக் கேட்டேன்.

"இதான சார் டிராயிங்கு?" என்றான் அவன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "இன்னும் கொஞ்சம் கலர் அடிக்கட்டா சார்?" என்று அவனே சேர்த்துக்கொண்டான்.

மலையை ஒழித்தே தீருவது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். அந்த வருடப் பள்ளிக் கண்காட்சிக்கு நானே தலைப்புக் கொடுத்தேன்: 'என் அப்பாவின் வேலை'. இந்தத் தலைப்பில் எவன் மலையை நுழைக்கிறான் பார்க்கலாம் என்று எனக்கு ஒரே கர்வம்.

குவார்ட்டர்ஸ் வழக்கம் எனக்குத் தெரியாதது இல்லை, தலைப்பு கொடுத்த மயக்கத்தில் மறந்துவிட்டேன். அங்கே எந்த வீட்டிலும் அப்பா ஃபேக்டரிக்குள் என்ன செய்கிறார் என்று பேச மாட்டார்கள். "அப்பா என்ன பண்றாரு?" என்றால், "ஃபேக்டரி" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். ஆகவே ஊர்ப் பிள்ளைகள் ஜேசிபி, மளிகைக் கடை, எருமை மாடு, பிளாட் புரோக்கர் என்று வரைந்து தள்ள, குவார்ட்டர்ஸ் பிள்ளைகளிடமிருந்து பதினேழு கேட் வந்தது. மூடிய கேட். ஒரு பையன் மட்டும் கேட்டில் பூட்டும் போட்டிருந்தான்.

ஐந்தாம் வகுப்பு ஜெயப்பிரியாவின் படம்தான் வேறு. அவள் அப்பா முருகேசன் சாத்தூர்ப் பக்கத்துக்காரர், ஃபேக்டரித் தொழிலாளி. முழு சார்ட் நிறைய ஒரு பிரம்மாண்டமான இயந்திரம். மேலே வட்டமாக ஒரு கோபுரம், நீளமாக ஒரு குழாய், பெரிய சக்கரம், பல் பல்லாக ஒரு சங்கிலி, சிவப்புப் பொத்தான்கள். உச்சியில் ஸ்பேனரோடு ஓர் ஆள். ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி. ஓர் அம்பின் முனையில், 'இங்கே குண்டு வரும்.' இன்னொன்றில், 'இது ரகசியம்.'

நான் வழக்கப்படி, "நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் கலர் அடி" என்றேன். அடித்துக்கொண்டு வந்தாள். முதல் பரிசு கொடுத்தேன். ஏன் கொடுத்தீர்கள் என்று அப்போது கேட்டிருந்தால், கோடு நேராக இருந்தது, பெரிதாக இருந்தது, பார்டர் போட்டிருந்தாள் என்று சொல்லியிருப்பேன்.

அடுத்து நான் செய்ததுதான் உண்மையான முட்டாள்தனம். உங்களில் கையெழுத்து அழகாக உள்ளவர்கள் கவனமாகக் கேளுங்கள். படங்களுக்குப் பெயர் அட்டை எழுதும் வேலை என்னுடையது. எனக்கு எழுத்து என்றால் பைத்தியம். பெயர், வகுப்பு இரண்டையும் எழுதிய பிறகு அட்டையில் இரண்டு வரி இடம் காலியாக இருந்தது. காலி இடம் கண்ணை உறுத்தியது. அட்மிஷன் ரிஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு, 'தந்தை: முருகேசன், ஃபேக்டரி டோக்கன் எண் இன்னது, இன்ன பிரிவு' என்று, நிழல் கொடுத்து, அம்சமாக எழுதினேன். படத்தின் வலது கீழ் மூலையில் ஒட்டினேன். நுழைந்ததும் தெரிகிற மாதிரி நடு போர்டில் மாட்டினேன்.

கண்காட்சியைத் திறந்துவைக்கத் தலைமை ஆசிரியை அழைத்து வந்த சிறப்பு விருந்தினர், அதே ஃபேக்டரியின் செக்யூரிட்டி அதிகாரி.

ரிப்பன் வெட்டிக் கைதட்டி முடிந்ததும் அவர் புன்னகையோடு நடந்து வந்தார். எருமை மாட்டைப் பாராட்டினார். பதினேழு கேட்டுகளையும் மிகவும் ரசித்தார். நடு போர்டுக்கு வந்ததும் நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இந்த முருகேசன் வந்திருக்கிறாரா?"

பெற்றோர் கூட்டத்திலிருந்து முருகேசன் முன்னால் வந்தார். மகளின் பரிசு பெற்ற படத்தைப் பார்க்க வந்த மனிதர். முகம் வெளுத்துவிட்டது. "சார், நான் வீட்ல ஒரு வார்த்தை பேசுனதில்ல சார். எம் பொண்டாட்டிக்கே தெரியாது" என்றார்.

"அப்படியானால் இந்தக் குழந்தைக்கு எப்படித் தெரிந்தது? நான் உங்களை அலுவலகத்துக்கு அழைத்து விசாரிக்க வேண்டியிருக்கும்."

விசாரணை என்ற சொல்லுக்குக் குவார்ட்டர்ஸில் என்ன பொருள் என்பது ஆவடியில் எல்லோருக்கும் தெரியும். குற்றம் இல்லை என்று ஆகும்வரை அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. எல்லாம் என் அட்டையால் வந்தது. ஏதாவது சொல்லிக் காப்பாற்றியாக வேண்டும் என்ற பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சார், இந்தப் படத்தப் போயி பெருசா எடுத்துக்காதீங்க. எல்லாமே தப்பு. இந்தப் பொண்ணுக்கு வரையவே தெரியாது."

ஜெயப்பிரியா என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். பரிசாகக் கொடுத்த கலர் பென்சில் பெட்டி கையில் இருந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப எதுக்கு சார் ஃபர்ஸ்ட் பிரைஸ் குடுத்தீங்கோ?"

அதிகாரியும் என் பக்கம் திரும்பினார். "நியாயமான கேள்வி. ஏன் கொடுத்தீர்கள்?"

நல்ல படம் என்றால் முருகேசனுக்கு விசாரணை. மோசமான படம் என்றால் பரிசு கொடுத்த நான் மடையன். இத்தனை வருட சர்வீஸில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நானும் என்னைக் கேட்டதில்லை. பார்டர் போட்டிருந்தாள் என்று சொல்ல நாக்கு வரவில்லை. வேறு வழி தெரியாமல் அவள் பக்கம் குனிந்து, எந்த வகுப்பிலும் ஒருநாளும் கேட்டிராத ஒன்றைக் கேட்டேன்.

"இது என்னம்மா?"

"எது சார்?"

"இந்தக் கோபுரம்."

"இட்லிக் குண்டான் சார். மூடியோட."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். "இந்தச் சக்கரம்?" "அம்மாவோட தையல் மிஷினு." "குழாய்?" "மொட்ட மாடில டேங்குலருந்து வரும்ல சார், அது." "இந்தச் சங்கிலி?" "துணி காயப் போடுற கிளிப்பு. வரிசையா ஒட்டிகினு கீது." "பொத்தான்?" "ஃபேன் ரெகுலேட்டர். கிரைண்டரு இங்க கீது, சாஞ்சாப்ல."

"இங்கே குண்டு வரும் என்று எழுதியிருக்கிறாயே, அது?" என்று அதிகாரியே கேட்டார்.

"முறுக்கு அச்சு அங்கிள். இதுலதான் குண்டு பிழிவாங்கோ."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. அப்பா சொல்லவே மாட்டாரு. கேட்டா, தூங்குன்னுவாரு. அதான் ஊட்ல கீறத வச்சி நானே பண்ணிகினேன்."

கூட்டம் சிரித்தது. தலைமை ஆசிரியைக்கு மூச்சு வந்தது. முருகேசன் சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதிகாரியும் சிரிக்கத்தான் தொடங்கினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றப் போனவர் ஒருமுறை, கடைசியாக, படத்தை மேலிருந்து கீழே பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இதில் ஒன்று மட்டும் சரியாக..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

"எது சார்?" என்றார் தலைமை ஆசிரியை.

"சொல்லக் கூடாது."

"அப்ப அத மட்டும் அழிச்சிடலாமே சார்? மாஸ்டர், ரப்பர் எடுங்க."

"அழித்தால் எது என்று தெரிந்துவிடும்."

"அப்ப மொத்தமா அழிச்சிடலாம்."

"மொத்தமாக அழித்தால், ஏதோ இருந்தது என்று ஆகிவிடும்."

இட்லிக் குண்டானா, கிளிப்பா, முறுக்கு அச்சா என்று அங்கே நின்றிருந்த அத்தனை பேரும் படத்தையே வெறித்தோம். அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. நாங்கள் பார்க்கப் பார்க்க அவருக்கு நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. ஒருவழியாக அவர் ஒரு முடிவுக்கு வந்தார். படம் இருக்கலாம், டோக்கன் எண் எழுதிய அட்டை உடனே கிழிக்கப்பட வேண்டும். இந்தப் படம் முழுக்கக் குழந்தையின் கற்பனை, தகப்பன் சொல்லி வரைந்தது அல்ல என்று ஓவிய ஆசிரியர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். "எப்படிக் கற்பனை என்பதையும் விளக்கி எழுதுங்கள். எனக்கு மேலே இருப்பவர்கள் கேட்டால் நான் காட்ட வேண்டும். அது சரியாக இல்லை என்றால், மன்னிக்கவும், இவரை அழைக்காமல் இருக்க முடியாது."

டீ வருவதற்குள் வேண்டும் என்றார். ஆக, உங்களுக்கு நாளைவரை நேரம் இருக்கிறது, எனக்கு ஒரு டீ நேரம்தான்.

ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து முதல் வரி எழுதினேன்: 'மேற்படி படம் முற்றிலும் தவறானது.' எழுதியதும் எதுக்கு சார் பிரைஸ் குடுத்தீங்கோ என்ற குரல் காதில் கேட்டது. கிழித்துப் போட்டேன். பிறகு பயிற்சியில் கேட்டதை நினைவுபடுத்திக்கொண்டு, 'குழந்தையின் உள்ளார்ந்த படைப்பூக்கமானது' என்று ஆரம்பித்து ஆறு வரி எழுதினேன். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த தலைமை ஆசிரியை, "மாஸ்டர், இதப் படிச்சா அந்தாளுக்கு உங்க மேலயே சந்தேகம் வந்துரும்" என்றார்.

சரி, முதலில் அட்டையையாவது எடுப்போம் என்று படத்தைக் கழற்றிவரச் சொல்லி, மேசையில் விரித்து, ஈரத் துணி வைத்து மெதுவாக அட்டையை உரித்தேன். ஜெயப்பிரியா என் பக்கத்தில் வந்து நின்றாள். அட்டைக்கு அடியில் ஒரு சின்ன ஆள் இருந்தான். கட்டைவிரல் அளவுகூட இல்லை. ஒரு கையில் டிபன் கேரியர். இயந்திரத்துக்கு முதுகைக் காட்டியபடி நடந்துகொண்டிருந்தான். என் பசை பட்டு ஒரு கால் கரைந்து போயிருந்தது.

"இது யாரும்மா?"

"எங்க அப்பா சார். நீங்க மேல ஒட்டிட்டீங்கோ."

"அப்ப உச்சில ஸ்பேனரோட நிக்கிறது?"

"அது தெரில சார். ஃபேக்டரின்னா யாராச்சும் நிப்பாங்க இல்ல?"

"அப்பாவோட வேலையத்தான வரையச் சொன்னேன். அவர ஏன் வெளிய விட்ட?"

அவள் என்னை, இதுகூடவா தெரியாது என்பது போலப் பார்த்தாள். "அவரு வேலைல எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான சார். காலீல போவாரு. சாயங்காலம் வந்துகினு இருப்பாரு. நான் மாடிலருந்து பாப்பேன்."

படத்திலேயே உண்மையான ஒரே இடம் அதுதான். அதன்மேல் போய் என் அழகான எழுத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். அன்றைக்கு நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டதை இங்கே அச்சில் எழுத முடியாது. புதுத் தாள் எடுத்தேன். எழுதியது இவ்வளவுதான். மனப்பாடமாகச் சொல்கிறேன்.

'இந்த மாணவி தன் தந்தையின் வேலையைப் பற்றி அறிந்தது, அவர் காலையில் போவதும் மாலையில் வீடு திரும்புவதும் மட்டுமே. அதை வலது கீழ் மூலையில் சரியாக வரைந்திருக்கிறாள். தந்தை சொல்லாத மீதியை எல்லாம் தன் வீட்டுப் பொருள்களைக் கொண்டு தானே கட்டியிருக்கிறாள். இதை அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கேட்காமல் எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவளுக்கு வரையத் தெரியாது என்று நான் சொன்னது பொய். முதல் பரிசு சரியான படத்துக்கே போயிருக்கிறது. கொடுத்தபோது அது எனக்குத் தெரியாது.'

கையெழுத்துப் போடுமுன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தாள். 'பொய்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டாள். "இத அந்த அங்கிளு படிப்பாரா சார்?" என்று கேட்டாள். படிப்பார் என்றேன். "சரி, குடுங்கோ" என்றாள்.

அதிகாரி டீயை ஆறவிட்டு இரண்டு முறை படித்தார். "கடைசி வரி அவசியமா?" என்று கேட்டார். அவசியம் என்றேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். முருகேசன் பக்கம் போய், "உங்களை அழைக்க வேண்டியதில்லை. வீட்டில் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்" என்று கைகுலுக்கினார். அந்தத் தாள் அப்படித்தான் ஃபேக்டரிக்குள் போனது.

அதுதான் என் கொள்கை. வேறு எதுவும் எனக்கு எழுத வரவில்லை, வரப்போவதும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நின்றபோது முதல்முறையாக முடியாது என்றேன். காரணம் கேட்டார். "அறுபது புள்ளைங்கள இது இன்னான்னு கேட்டாகணும், நாப்பது நிமிஷம் பத்தல" என்றேன். உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் மலைகள் வரத்தான் செய்தன. ஆனால் இது என்ன என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தால், அந்த மலைக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒன்று வெளியே வந்துவிடுகிறது. ஒரு பையன் மலைக்குப் பின்னால் அவன் அத்தை ஒளிந்திருப்பதாகச் சொன்னான். ஏன் என்பது தனிக் கதை. சென்னீர்குப்பம் டீச்சர் அவர்களே, உங்கள் பிள்ளைகளில் யாரிடமாவது நாளை காலை முதல் பீரியடில் கேட்டுவிட்டு, மத்தியானம் எழுதுங்கள். ஒரு பக்கம் தானாக வரும்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு அப்பாவும் மகளும் படத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மைதானத்தைத் தாண்டிக் கேட்வரை நானும் கூட நடந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்குப் பேச இடம் எங்கே கிடைத்தது? அவள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள்.

"ஒண்ணு சரின்னாரேப்பா அந்த அங்கிளு. எதுப்பா?"

"தெரியாதும்மா."

"இட்லிக் குண்டானா?"

அவர் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

"தையல் மிஷினா? கிளிப்பா? டேங்கு பைப்பா?"

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். ஃபேன் ரெகுலேட்டர், கிரைண்டர், முறுக்கு அச்சு. அந்த வரிசையில் ஏதோ ஒன்றைச் சொன்னபோது, முருகேசன் சட்டென்று நின்று, ஷூ லேஸைக் கட்டுவதற்காகக் கீழே குனிந்தார்.

அவர் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. குனிந்தவரின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குமேல் அவள் எதையும் கேட்கவில்லை. அப்பாவின் முதுகில் சாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவர் எழுந்திருக்கும்வரை அப்படியே நின்றாள்.

எந்தப் பொருளின் பெயருக்கு அவர் குனிந்தார் என்று எனக்கும் தெரியும். நானும் சொல்ல மாட்டேன்.